கரியாலூர் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பெயர்

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரூமில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டீர்கள். மேடை ஏறினால் எனக்குக் கோபம் வந்துவிடும். கோபம் வந்தால், சொல்ல வந்ததை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்லித் தீர்ப்பேன். அதனால்தான் எழுதித் தருகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் டீ குடிக்கப் போகலாம், தப்பாக நினைக்க மாட்டேன்.

தூரத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குள் நிர்வாகியாக நுழைய யார் யாருக்கு உரிமை கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்தினால் அது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கேஸ் கட்டுகளைத் தூக்கிச் சுமந்தவள். நாற்பது வயது தாண்டிய பிறகு, 'கட்டு தூக்கியது போதும், கம்ப்யூட்டர் ரூமுக்குப் போ' என்று அனுப்பினார்கள். எனவே எந்த பட்டனை எங்கே அழுத்துவது என்பது இதில் இருக்காது. அழுத்தலாமா வேண்டாமா என்று கை நின்ற நேரங்கள்தான் இருக்கும்.

அந்த ரூமில் எனக்கு மேலே இருந்தவன் என் கடைசித் தம்பியைவிடச் சின்னவன். ஆட்கள் இருக்கும்போது 'சார்' என்பேன், இல்லாதபோது 'தம்பி' என்பேன். அவன் எப்போதும் 'அக்கா'தான். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அவனைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை, கேட்கும் நிலையிலும் இன்று நான் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சியில். கல்வராயன் மலைமேல் கரியாலூரில் அதற்கு ஒரு சின்னக் கிளை. டாக்டர் வாரத்தில் ஒருநாள் மட்டும் மேலே போவார். மலை ஜனங்களின் சோதனை முடிவுகளெல்லாம் அந்தக் கிளையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. மலை ஏற வேண்டியதில்லை, கீழே எங்கள் மேசையில் உட்கார்ந்தபடியே நிர்வாகி பெயரில் உள்ளே போய்ப் பழுது பார்த்துவிடலாம். தம்பிக்கு ஊரே கரியாலூருக்கு அந்தப் பக்கம்தான். அப்பா இல்லை. அம்மா மட்டும் தனியாகச் சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

நான் சேர்ந்த புதிதில், எல்லாரும் ஒரே பொதுப் பெயரில் உள்ளே போவது ஆபத்து, ஆளுக்கொரு பெயர் வேண்டும் என்று அவன் சொன்னான். நான் சுறுசுறுப்புக்காரி. புதுப் பெயர்களைப் போட்டேன், பழைய பொதுப் பெயரை அன்றைக்கே அடைத்தேன். புதுப் பெயரில் உள்ளே போக முடிகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. ஏதோ ஓர் உரிமையைக் கொடுக்க மறந்திருந்தேன். இரண்டு வழியும் அடைபட்டுவிட்டன. இனி கீழேயிருந்து ஒன்றும் செய்ய முடியாது, நேரில் போய் அந்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார வேண்டும். ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தி எடுத்துக்கொண்டே போனேன். தம்பி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது அவன் வீட்டில் சாப்பிட்டோம். அவனுடைய அம்மா சாமைச் சோறு போட்டார். மெலிந்த உடம்பு, பெரிய குரல், வாயில் எப்போதும் வெற்றிலை. நாங்கள் வந்த காரணத்தை மகன் சொன்னதும் என்னைப் பார்த்து, "ஏன் கண்ணு, கீழ உக்காந்துக்கினே மேல இருக்கறதத் தொறக்கறதுக்குத்தான உங்களுக்குச் சம்பளம்? நேர்ல வர்றதுக்குன்னா எங்கூரு கழுத கூட வருமே" என்றார். நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். "நெஞ்சுல மாட்டிக்கப் போவுது, மொள்ள துன்னு" என்று ரசத்தை ஊற்றினார்.

ஜீப்பில் மலை இறங்கும்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். "அக்கா, புது வழில ஒருதடவ உள்ள போய்ட்டு வாங்க. அதுவரைக்கும் பழச அடைக்காதீங்க." அவ்வளவுதான். பிறகு எத்தனையோ பேருடைய வழிகளைத் திறந்தேன், அடைத்தேன். அந்தத் தப்பை மறுபடி செய்யவில்லை.

அடுத்த சங்கதிக்குக் காரணம் நம் ஊர் மரியாதை. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய பெரிய டாக்டர் காலமாகிச் சில வருடங்கள் ஆகியும், கரியாலூர் கம்ப்யூட்டரில் அவர் பெயர் முழு உரிமையோடு அப்படியே இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்றால், எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ரேஷன் கார்டில் பெயரை எடுப்பது மாதிரி என்று நினைத்தார்கள். அவருடைய பாஸ்வேர்டு அவர் குலசாமியின் பெயர் என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஒருநாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று, இறந்தவர் பெயரில் உள்ளே போய் எதையோ மாற்றிவைத்தார். அன்று மேலே போன டாக்டருக்கு ஒரு நோயாளியின் முடிவும் திறக்கவில்லை. காலையிலேயே நடந்து வந்திருந்த ஜனங்கள் எல்லாரும் திரும்பி நடந்தார்கள்.

தம்பி அந்தப் பெயரை எடுத்தான். கணக்குப் பிரிவுக்காரர் எங்கள் ரூமுக்கே வந்துவிட்டார். "செத்தவர இன்னொரு தடவ சாவடிக்கிறியேப்பா" என்றார். தம்பி கோபப்படவில்லை. "போட்டோவுக்கு மால போடுங்க சார், நானும் வந்து கும்புடறேன். ஆனா அவரு பேர்ல யாரும் உள்ள போவக் கூடாது" என்றான். அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் அவன் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தான். வேலையை விட்டுப் போகிறவரின் பெயரை அவர் கண்ணெதிரிலேயே எடுப்பது. எடுத்த பிறகு, அவரையே உட்கார வைத்து உள்ளே போக முயற்சி செய்யச் சொல்வது. விடவில்லை என்று அவரே பார்த்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். அதற்கு நாங்கள் 'தட்டிப் பார்ப்பது' என்று பெயர் வைத்தோம்.

இன்னொன்றும் அடிக்கடி சொல்வான். "நம்ம கையில சாவி இருக்குதுன்னு வூடு நம்மளுது ஆயிடாது அக்கா." நிர்வாகியாக உள்ளே போகிறவருக்கு எந்த நோயாளியின் கோப்பையும் திறக்க முடியும். திறக்கக் கூடாது. கம்ப்யூட்டரைப் பார், அதில் இருப்பதைப் படிக்காதே என்பான். எங்கள் சொந்தக்காரர்களுக்கு ரத்தம் பரிசோதித்தால்கூட லேப் ஜன்னலில் போய்ச் சீட்டைக் காட்டித்தான் வாங்குவோம்.

அவனுக்குச் சென்னையில் நல்ல வேலை கிடைத்தது. வழியனுப்பு விழாவில் மாலையும் சால்வையும் போட்டார்கள். மேலதிகாரிக்கு அவன்மேல் பிரியம் அதிகம். "பேர இன்னிக்கே ஏம்மா எடுக்கணும்? பையன் போய்ச் சேரட்டும். நல்ல நாளாப் பாத்து எடுத்துக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். தம்பி விடவில்லை. "மால வாடறதுக்குள்ள எடுத்துடணும் சார்" என்று சொல்லி, மாலையோடு என்னை ரூமுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். நான் எடுத்தேன். அவன் உட்கார்ந்து தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தான். கம்ப்யூட்டர் மறுத்தது. திரும்பி என்னைப் பார்த்து, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி, "விடலக்கா" என்று சிரித்தான். நான் அழுதேன். என்னைத் தேற்றிவிட்டு பஸ் ஏறப் போனான்.

அவன் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு சாயங்காலம், நான் வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தபோது போன் வந்தது.

"அக்கா, ஒரு உதவி. கரியாலூர் மிஷின்ல என் பேரக் கொஞ்ச நேரம் போட்டு உடுங்க."

"எதுக்கு தம்பி?"

"அம்மாவுக்கு வயித்துல கட்டி மாதிரி இருந்திச்சி. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. ரிசல்ட் வந்துட்டுதாம். லேப்ல கேட்டா டாக்டர்தான் சொல்லணும்னுட்டாங்க. டாக்டர் நாளைக்கித்தான் மேல வர்றாரு. அம்மா தனியாப் போயி உக்காந்து கேக்கணும்."

"நீ கிளம்பி வந்துடேன்."

"இப்பதாங்க்கா சேந்திருக்கேன். இன்னா ஏதுன்னு தெரியாம லீவு கேட்டா இன்னா நெனைப்பாங்க. கெட்டதுன்னா யாரையும் கேக்க மாட்டேன், பஸ் ஏறிடுவேன். காலைல அது பக்கத்துல இருப்பேன். நல்லதுன்னா பொங்கலுக்கு வந்துக்கறேன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

அவன் குரலில் இருந்த பயத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பெயரைப் போட எனக்கு எத்தனை நேரம் ஆகும்? அவனே கற்றுக்கொடுத்த வேலை. ஆனால் அவன் இப்போது வெளியாள். வெளியாளுக்கு முழு உரிமை கொடுத்தால் அம்மாவின் முடிவு மட்டுமல்ல, அந்த மலையில் உள்ள அத்தனை பேருடைய நோயும் அவன் கையில். அவன் பார்க்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதற்காக வழி திறக்கக் கூடாது என்று சொன்னவனும் அவன்தான்.

"முடியாது தம்பி" என்றேன்.

"நீங்களாவது பாத்துச் சொல்லுங்கக்கா. படிச்சிக் காட்ட வேணாம். நல்லதா கெட்டதான்னு மட்டும்" என்றான்.

"அதுவும் முடியாது. நீதானே..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்" என்று போனை வைத்துவிட்டான்.

சும்மா இருக்கவில்லை நான். டாக்டருக்குப் போன் செய்தேன். தியாகதுருகத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். "நோயாளிக்குச் சொல்றதுக்கு முன்னாடி மகனுக்குச் சொல்ல எனக்கே உரிமை இல்லம்மா. நாளைக்கு அந்தம்மா வரட்டும், நான் பக்குவமாச் சொல்றேன்" என்றார். அவர் சொன்னதில் குறை காண முடியாது. அன்றைக்கு யார் சொன்னதிலும் குறை காண முடியாது.

கிளம்புவதற்கு முன் கரியாலூர் கம்ப்யூட்டருக்குள் போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது தினசரி வேலை. போனேன். மறுநாள் டாக்டர் பார்க்கவேண்டிய முடிவுகள் வரிசையாக இருந்தன. அந்த அம்மாவின் பெயரும் இருந்தது. ஓர் அழுத்து அழுத்தினால் திறக்கும். அம்புக்குறியை அந்தப் பெயர்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாமைச் சோறு போட்ட கை ஞாபகம் வந்தது. திறக்காமல் வெளியே வந்துவிட்டேன். மாட்டிக்கொள்வேன் என்ற பயம் எனக்கு இல்லை. அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் நினைத்தேன், யாருக்காகத் திறக்க நினைத்தேனோ அவன் முகத்திலேயே. பிறகு வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன்.

அவன் வரவில்லை. மறுநாள் ராத்திரி அவனிடமிருந்து செய்தி வந்தது. "ஒண்ணுமில்லையாம் அக்கா, சாதாரணக் கட்டியாம். அம்மா சொல்லுச்சி. நேத்து உங்களத் தொந்தரவு பண்ணிட்டேன்." அதைப் படித்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மறுநாள் ரூமில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து, அந்த அம்மா கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எங்கள் ரூம் வாசலில் நின்றார். கையில் ஒரு துணி மூட்டை, அதில் எனக்காகக் கொண்டுவந்த புளி. முன்பே மெலிந்த உடம்பு, இப்போது ஜாக்கெட் தோளில் தொங்கியது. வெற்றிலை போடவில்லை. பார்த்ததுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"கெட்ட கட்டியாம் கண்ணு. பாண்டி பெரியாஸ்பத்திரிக்கிப் போவச் சொல்றாங்க. அறுத்தாலும் தேறும்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நான் போவல. இங்க வலிக்கி மாத்திர குடுக்கறாங்க, அதப் போதும்னு வாங்கிக்கினு போறேன்."

"தம்பிகிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கீங்களே."

"பின்ன இன்னா சொல்றது? இப்பதான் நல்ல எடத்துல காலூனி இருக்கான். சொன்னா அல்லாத்தையும் உட்டுட்டு ஓடியாந்துடுவான். டாக்டரு சொல்றப்ப அவன் பக்கத்துல இருந்திருந்தா மறைக்க முடியாது. நான் தனியாத்தான உக்காந்திருந்தேன், எந்தலையெழுத்து நல்லதாப் போச்சி." அவர் நிஜமாகவே சிரித்தார். "நீயும் சொல்லக் கூடாது. டாக்டருகிட்டயும் சொல்லிட்டேன். என் ஒடம்பு, என் சங்கதி. எம்புள்ள மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். செய்யாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். நோயாளியின் சங்கதி நோயாளிக்குச் சொந்தம். அதுவும் அவன் சொல்லிக்கொடுத்ததுதான். அவன் பேசும்போதெல்லாம், "ஒருதடவ வந்து அம்மாவப் பாத்துட்டுப் போயேன் தம்பி" என்பேன். அதற்குமேல் என்னால் போக முடியவில்லை. அவனும் அதை ஊர்ப்பக்கத்தார் சொல்லும் உபசார வார்த்தையாக எடுத்துக்கொண்டு, "பொங்கலுக்கு வர்றேங்க்கா" என்பான். பொங்கலுக்கு வந்தான். உடம்பு இளைத்திருக்கிறதே என்று அவன் கேட்டதற்கு, மலையில் வேலை ஜாஸ்தி என்று சொல்லி அம்மா அனுப்பிவிட்டார். சித்திரை பிறந்தபோது அந்த அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தார்தான் மகனுக்குச் சொன்னார்கள். அவன் ஓடிவந்தான். சில நாள் பக்கத்தில் இருந்தான், அவ்வளவுதான் கிடைத்தது.

காரியம் முடிந்து சென்னைக்குத் திரும்பும் வழியில் எங்கள் ரூமுக்கு வந்தான். மொட்டை போட்டிருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும் தம்பி."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அவன் இடத்தில் என்னை வைத்தார்கள், மேசையும் நாற்காலியும் அவனுடையவை. அந்த வருடங்களில் நான் எனக்கு நானே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: நான் தப்பு செய்யவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்றும் அது சரிதான். ஆனால் ராத்திரி சோறு இறங்கவில்லை என்றால் சரியான கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கும் மாலை போட்டார்கள். ரூமுக்கு வந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். தயங்கினார்கள், அதட்டி எடுக்க வைத்தேன். பிறகு நானே உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். விடவில்லை. மாலையைக் கழற்றாமலே அவன் எண்ணுக்குப் போன் செய்தேன். என்ன நினைத்தானோ, அன்று எடுத்தான்.

"தம்பி, இன்னையோட எனக்கு முடிஞ்சுது. பேர எடுத்துட்டாங்க."

"தட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். விடல."

"ம்" என்றான். அவன் சிரித்த மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில், இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கி உன் பேரப் போட்டு விட்டிருக்கணுமா தம்பி?"

"இல்லக்கா. போட்டிருந்தீங்கன்னா நானே உங்கமேல மரியாத வச்சிருக்க மாட்டேன்."

"அம்மா சொன்னத உங்கிட்ட மறைச்சது?"

"அது அம்மா சங்கதி. நீங்க இன்னா பண்ணுவீங்க."

"அப்புறம் ஏம்ப்பா எங்கிட்டப் பேசல?"

அவனுக்குப் பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், இருங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தான்.

"மறுநா டாக்டரு மேல வர்றாருன்னு நான் சொன்னேன். அம்மா தனியாப் போயி உக்காரும்னும் சொன்னேன். காலைல மலைக்கி பஸ் இருக்குது. நீங்க ஏறி வந்து அது பக்கத்துல உக்காந்திருக்கலாங்க்கா. அதுக்கு எந்தக் கதவயும் தொறக்க வேணாமே."

நான் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. லீவு இருந்தது, அந்த வீட்டுக்கு வழி தெரியும், அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சாயங்காலம் அந்த கம்ப்யூட்டருக்குள் போய் வந்தேனே தவிர, அந்த ஊருக்குப் போகலாம் என்று நினைக்கவில்லை. கீழே உட்கார்ந்தபடியே மேலே இருப்பதைத் திறக்கவும் மூடவும் பழகிப்போன புத்தி, திறக்கலாமா கூடாதா என்று மட்டும்தான் யோசித்தது. நேரில் வருவதற்கு எங்கள் ஊர்க் கழுதைகூட வரும் என்று அந்த அம்மா சொன்னாரே, நான் போகவில்லை.

"எனக்குத் தோணல தம்பி" என்றேன்.

"எனக்கும் அன்னிக்கித் தோணலக்கா. தோணியிருந்தா அததான் கேட்டிருப்பேன். ரெண்டு பேரும் மிஷினப் பத்தியே பேசிக்கினு இருந்தோம்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க கொரலக் கேட்டா அந்த நெனப்பு வந்துடுது. வேற கோவம் ஒண்ணுமில்ல. ஒடம்பப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டான்.

பிள்ளைகளே, யார் கேட்டாலும் வெளியாளுக்கு வழி திறக்காதீர்கள். நான் கேட்டாலும் திறக்காதீர்கள். என் பெயரை எடுத்தாகிவிட்டது, தட்டியும் பார்த்தாகிவிட்டது. ஆனால் திறக்க முடியாது என்று ஒருவரிடம் சொன்ன பிறகு, உடனே கிளம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம்தான். கரியாலூர் பஸ் காலையில் உண்டு. டாக்டர் வருவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடலாம்.